பிரீமியம் கட்டியது யார் என்று நான் கேட்காத வருடம்

வரிப் படிவம் நிரப்புகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் பயிற்சி நாளில் வந்து பேசச் சொன்னீர்கள். மேடையில் நின்று பேச எனக்கு இப்போது மூச்சுப் போதாது, எழுதித் தருகிறேன் என்றேன். படிவங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. அவை வருடத்துக்கு வருடம் மாறும், கணினி உங்களைவிடக் கெதியாய்ப் படித்துக்கொள்ளும். நான் எழுதப் போவது எரிச்சலைப் பற்றி. பக்கத்து மேசையில் இருக்கிற ஆள் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் வயிற்றுக்குள் ஒன்று எரியுமே, அதைப் பற்றி. அந்த எரிச்சலோடு வேலை செய்து, ஒரு குடும்பத்தின் கைக்கு வர இருந்த வீட்டை நான் கெடுத்தேன்.

எங்கள் அலுவலகம் மொன்ட்ரியால்-நோரில் ஒரு தெப்பனேர் கடைக்கு மேலே இருந்தது. கீழே பாலும் பீரும் லாட்டரிச் சீட்டும் விற்பார்கள், மேலே நாங்கள் வரி பார்ப்போம். பன்னிரண்டு வருடம் அங்கே தமிழ் பேசுகிற ஒரே ஆள் நான்தான். யாழ்ப்பாணத்துச் சனமும் மன்னார்ச் சனமும் பிளாஸ்டிக் பைக்குள் கடுதாசிகளைத் திணித்துக்கொண்டு படியேறி வந்து, "அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு வருகிற புளுகத்தை, அந்தப் பெருமையை, சொல்லி முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பாண்டிச்சேரிக்காரி. கணவன் இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. அவள் சிறு வயதிலிருந்தே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். வரி அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பது போலக் கதைப்பாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி, அதற்கு மேல் இலக்கங்கள். பிரெஞ்சுக் கடிதம் வந்தால் தலைப்பைப் பார்ப்பேன், தேதியைப் பார்ப்பேன், தொகையைப் பார்ப்பேன், மிச்சத்தை ஊகிப்பேன். பன்னிரண்டு வருடமாக ஊகம் பிழைத்ததில்லை. பிழைத்தது எனக்குத் தெரிய வரவில்லை என்பதுதான் சரியோ என்னவோ.

அவள் என்னை "சார், சார்" என்பாள். கோப்பி வார்த்தால் எனக்கும் ஒன்று வார்ப்பாள். ஒரு நாளும் என்னைக் குறைத்துப் பேசியதில்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அதுவும் இல்லை. இரண்டாவது வருடமே சனம் படியேறி வந்து, "பிள்ளை நிக்கிறாவோ?" என்று கேட்கத் தொடங்கியது. நான் கதிரையில் இருக்கிறேன், என் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்து அவளைத் தேடுகிறார்கள். சரியான கடுப்பு.

எங்கள் சனத்தின் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒருவரிடம் ஆலோசனை கேட்டால் அதோடு நிற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது இன்னொருவரிடமும் கேட்பார்கள். எந்தப் பதில் இனிப்பாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இனிப்பான பதில் சொல்கிறவன் கெட்டிக்காரன். பொறாமைக்காரனுக்கு அந்த மண்டபத்தைவிட ஆபத்தான இடம் மொன்ட்ரியாலில் இல்லை.

அங்கேதான் மரியதாசன் என்னைப் பிடித்தார். மன்னார் ஆள். ஒரு பெரிய சலவை ஆலையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். முள்ளந்தண்டில் ஒரு கட்டி வந்து, அதை வெட்டி எடுத்த பிறகு இடது கால் சொன்ன சொல் கேட்காமல் போய்விட்டது. இரண்டு ஊன்றுகோலோடு நடப்பார். வேலையில் நடந்த விபத்து அல்ல, நோய். அதனால் வேலையிடத்துக் காப்புறுதியிலிருந்து இயலாமைப் பணம் மாதாமாதம் வரத் தொடங்க இருந்தது.

அவர் குடியிருந்தது மூன்றாம் மாடியில். வெளியே இரும்புப் படி வளைந்து வளைந்து ஏறும், உள்ளே இன்னொரு மரப்படி செங்குத்தாக ஏறும். பனிக்காலத்தில் அந்த இரும்புப் படியில் நல்ல காலுள்ளவனே வழுக்கி விழுவான். பூசைக்கு வர வேண்டுமென்றால் இரண்டு ஆண்கள் போய் அவரைத் தாங்கி இறக்க வேண்டும். அவருக்கும் மனைவி ஜெசிந்தாவுக்கும் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பியர்பொன்ட்ஸில் படியே இல்லாத ஒரு சின்ன பங்களா வாங்கிப் போக வேண்டும். ஒரு வயோதிபத் தம்பதி தங்கள் வீட்டை இவர்களுக்குத் தருகிறோம் என்று வாய்ச்சொல் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருடம் பொறுப்பார்கள், அதற்குள் முற்பணம் சேர்க்க வேண்டும்.

மரியதாசன் காப்புறுதிக் கடிதத்தையும் ஒரு கையேட்டையும் என்னிடம் நீட்டினார். இரண்டும் பிரெஞ்சு.

"அண்ணை, மாசம் மாசம் தரப்போற காசில வரி பிடிக்கிறதோ விடுறதோ எண்டு கேட்டிருக்கினம். பிள்ளையிட்டக் காட்டினனான். தான் வாசிச்சுப் பாத்துச் சொல்லுறன், அதுவரைக்கும் கொஞ்சம் வரி பிடிக்கச் சொல்லுங்கோ எண்டவ. நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன்."

பிள்ளையிட்டக் காட்டினனான். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பன்னிரண்டு வருடம் இந்த மனிதருக்கு வரி பார்த்தவன் நான். முதலில் அவளிடம் காட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் விதியைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறக்கக் கூடாது. குழுக் காப்புறுதியில் வருகிற இயலாமைப் பணத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதை ஒரு கேள்வி தீர்மானிக்கும். பிரீமியத்தைக் கட்டியது யார்? முழுவதையும் தொழிலாளியே தன் சம்பளத்திலிருந்து கட்டியிருந்தால் வரி இல்லை. முதலாளி அதில் ஒரு பங்கு போட்டிருந்தால் வரி உண்டு, அதுவும் மத்திய அரசுக்கு ஒன்று, கியூபெக் மாகாணத்துக்கு ஒன்று. இது அன்றைக்கும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கையேட்டைப் புரட்டினேன். விரலை வரிகளுக்குக் கீழே ஓட்டினேன். தலையை ஆட்டினேன். பக்கத்தில் நாலு பேர் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதில் ஒரு வசனம்கூட ஒழுங்காக விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் அடுத்த வாரம் மண்டபம் முழுக்க அது பேச்சாகிவிடும்.

"சம்பளத் துண்டில காப்புறுதிக்கு எண்டு கழிச்சவங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, ஒவ்வொரு முறையும் கழிப்பினம்."

"அப்ப கட்டினது நீர்தானே? வரி ஒரு சதமும் இல்லை. முழுக் காசையும் எடும். பிடிக்கச் சொல்லி அவங்களிட்டக் குடுத்துப் போட்டுப் பேந்து அதுக்கு ஏன் பின்னால திரியவேணும்?"

மரியதாசனின் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே இவளுக்குச் சொன்னனான், அண்ணையிட்டக் கேட்பம் எண்டு," என்று ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னார். மாதாமாதம் அந்தப் பிடிக்காத காசை அப்படியே வீட்டுக்குச் சேர்க்கலாம். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது கால் நிலத்தில் பாவவில்லை. மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை செய்தி பாண்டிச்சேரிப் பெண்ணுக்கு எட்டிவிட்டது. மரியதாசனே டெலிபோனில் சொல்லியிருக்கிறார். அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், மரியதாசன் சாருக்கு வரி இல்லன்னு சொன்னீங்களாமே. கையேட்டுல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? எனக்கும் ஒரு தடவை காட்டுங்களேன், நான் இன்னும் அதை முழுசா படிக்கல."

பிள்ளைகளே, ஆண்டவர் எனக்கு இரண்டாவது தரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. 'எனக்கு விளங்கவில்லை, நீ வாசித்துப் பார் பிள்ளை' என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அவள் கேட்டதில் குத்தல் இல்லை. எனக்குக் குத்தியது. இவள் என்னைப் பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்தேன்.

"நான் பாத்தாச்சு," என்றேன். "அவர் என்ர பழைய ஆள். நீர் உம்மட ஆக்களைப் பாரும்."

"சரி சார்," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள். மரியதாசனிடம் நான் வாங்கி வந்திருந்த கையேட்டை எடுத்து என் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு முழு வருடம் போனது. அந்த வருடத்தில் மரியதாசன் மண்டபத்தில் என்னைப் புகழாத ஞாயிறு இல்லை. அலுவலகத்தில் நான் பாண்டிச்சேரிப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் கோயிலுக்கு வருகிறவள் அல்ல, ஆனாலும் அலுவலகத்தில் அவள் காதில் விழ இரண்டு முறை அந்தக் கதையைச் சொன்னேன். வெட்கம் கெட்டவன்.

பெப்ரவரியில் காப்புறுதி நிறுவனத்தின் வரித் துண்டுகள் வந்தன. ஜெசிந்தா அவற்றைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். கிடைத்த பணம் முழுவதும் வரிக்குரிய வருமானம் என்று போட்டிருந்தது. பிடித்த வரி என்கிற கட்டத்தில் சுன்னம், ஒரு சதமும் பிடிக்கவில்லை. நிறுவனம் பிழை விட்டிருக்கிறது என்று சொல்லப் பார்த்தேன். துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"என்ன அண்ணை? ஏதும் பிரச்சினையோ? வீட்டுக்காரர் ஈஸ்டருக்கு முன்னம் முற்பணம் கேக்கினம்," என்றாள் ஜெசிந்தா.

பக்கத்து மேசையில் பேனா நின்றது. பாண்டிச்சேரிப் பெண் எழுந்து வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஜெசிந்தாவிடம் கையேடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நான் லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினாள். நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, விரலை வைத்தாள். குறுகிய கால நோய்ப் பணத்துக்குத் தொழிலாளியே முழுப் பிரீமியமும் கட்டுவார். நீண்டகால இயலாமைப் பணத்துக்கு முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி. நான் மண்டபத்தில் என் விரலை ஓட்டிய அதே பக்கம்.

"அக்கா, எங்க ஆபீஸ்ல தப்பு பண்ணிட்டோம்," என்றாள் ஜெசிந்தாவிடம். "வரி இருக்கு. எவ்வளவு குறைக்க முடியும்னு நான் பாக்கறேன். ரெண்டு நாள் குடுங்க."

தப்பு பண்ணிட்டோம். நாங்கள். அந்தத் தவறில் அவளுக்கு ஒரு துளி பங்கில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள், எனக்கு நன்றி வந்திருக்கும் என்றா? இல்லை. எரிகிற வயிற்றில் எண்ணெய் வார்த்தது போல இருந்தது. வேலையிலும் என்னைவிட மேல், குணத்திலும் என்னைவிட மேல் என்றால் மனிதன் எங்கே போய் ஒளிவது?

அவள் சலவை ஆலைக்கு டெலிபோன் எடுத்தாள். அவர்களோடு சிரித்துக் கதைத்து, மரியதாசன் அத்தனை வருடமும் தன் சம்பளத்திலிருந்து அந்த நீண்டகாலக் காப்புறுதிக்குக் கட்டிய பிரீமியம் எவ்வளவு என்று ஒரு கடிதம் வாங்கினாள். தொழிலாளி தன் கையால் கட்டியதை, வரிக்குரிய பணத்திலிருந்து கழிக்க இடமுண்டு. வைத்தியரிடம் படிவம் நிரப்புவித்து இயலாமைக்கான வரிச் சலுகையும் கேட்டாள். இந்த இரண்டு விதியும் எனக்குத் தெரியும். அவளுக்கு முதலே படித்தவன் நான். அந்த இரண்டு நாளும் பயத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது.

வரி நன்றாகக் குறைந்தது. ஆனால் இல்லாமல் போகவில்லை. இரண்டு அரசாங்கத்துக்கும் கட்டிய பிறகு முற்பணத்தில் ஒரு பெரிய துண்டு விழுந்தது. மிச்சத்துக்குக் கடன் கேட்டபோது வங்கி மறுத்தது. வயோதிபத் தம்பதி இன்னும் இரண்டு வாரம் பொறுத்தார்கள், பிறகு வேறு ஆட்களுக்கு வீட்டை விற்றுவிட்டார்கள்.

மரியதாசனுக்கு அப்போதும் உண்மை தெரியாது. "ஆபீஸில ஏதோ பிழையாம்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதை அப்படியே விட்டிருக்கலாம். விட என்னால் முடியவில்லை. நல்ல மனது என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போட்ட போர்வைக்குள் வாழ்நாள் முழுக்கக் கிடக்க வேண்டுமே என்கிற எரிச்சல்தான் என்னை அந்த இரும்புப் படியில் ஏற்றியது. ஏப்ரல் மாதம், படியில் பனி உருகித் திரும்ப உறைந்திருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பிறகு மரப்படி. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

மரியதாசன் யன்னலோரம் இருந்தார். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"மரியதாஸ், பிழை விட்டது நான். அந்தப் பிள்ளை இல்லை. அவ சரியாத்தான் சொன்னவ. எனக்கு அந்தக் கையேடு விளங்கேல்லை."

குசினி வாசலில் நின்ற ஜெசிந்தாதான் கேட்டாள்.

"அப்ப ஏன் அண்ணை எல்லாம் விளங்கின மாதிரித் தலையை ஆட்டினனீங்கள்?"

"அவ வாசிப்பா, எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு."

"அதுக்காகவோ?" என்றாள். "ஐயோ மாதாவே. அதுக்காகவோ?"

மரியதாசன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, "சரி, இன்னொரு மாரி இதுக்குள்ள கிடக்கிறதுதான். நீங்கள் இருங்கோ அண்ணை, படி ஏறி வந்திருக்கிறியள்," என்றார். தேத்தண்ணி தந்தார்கள். ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்காமல் தந்தாள். அது நியாயம்.

அடுத்த மாதக் காசிலிருந்தே வரி பிடிக்கச் சொல்லிப் படிவத்தைப் பாண்டிச்சேரிப் பெண்தான் நிரப்பினாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்த விஷயத்தில் உங்களிடம் வருகிற ஒவ்வொருவரும், "பிடிக்காமல் விட்டால் மாசம் கூட வருமே" என்று கேட்பார்கள். பிரீமியத்தைக் கட்டியது யார் என்று கடுதாசியில் காணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்தது கூடிப்போனால் வசந்தத்தில் திரும்பி வரும். மண்டபத்தில் உங்களை ஒருவரும் புகழ மாட்டார்கள், அது பரவாயில்லை.

அந்த நாளிலிருந்து எனக்கு விளங்காத பிரெஞ்சுக் கடிதம் வந்தால் எழுந்து அவள் மேசைக்குக் கொண்டுபோய் வைப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த நாலு அடி தூரம் நடப்பது எனக்குப் பல்லுப் பிடுங்குவது போலத்தான் இருந்தது. பழகிவிடும் என்று சொல்வார்கள். பழகவில்லை. ஆனால் நடந்தேன். எரிச்சல் போனால்தான் ஒழுங்காக வேலை செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், அது போகாது. அதை வைத்துக்கொண்டே எழுந்து நடக்க வேண்டும்.

மரியதாசன் குடும்பம் அடுத்த பனிக்காலத்தையும் மூன்றாம் மாடியில் கழித்தது. பூசைக்கு அவரை இறக்குகிற இரண்டு பேரில் ஒருவனாக நான் போனேன். என் தோளில் அவர் கை இருக்கும், ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் என் காதுக்குக் கேட்கும்.

அதற்கடுத்த கோடையில் பியர்பொன்ட்ஸிலேயே வேறொரு வீடு வாங்கினார்கள். முதல் வீட்டைவிடச் சின்னது, ரயில் பாதைக்குக் கிட்ட. படி இல்லை. வீடு மாறிச் சில நாள் கழித்து அலுவலகத்துக்கு டெலிபோன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அண்ணை, இண்டைக்குத் தபாலை நானே வெளியில போய் எடுத்தனான்," என்றார் மரியதாசன். "ஒருத்தரும் பிடிக்கேல்லை. நானே போய், நானே வந்தனான்."

"நல்லது மரியதாஸ், நல்லது," என்றேன்.

"அதில ஒரு கடுதாசி வந்திருக்கு, காப்புறுதிக்காரரிட்ட இருந்து. என்ன எழுதியிருக்கோ தெரியேல்லை."

நான் பேனாவை எடுத்தேன். கடுதாசித் துண்டை இழுத்து வைத்தேன். என்னிடம் சொல்கிறார், திரும்பவும் என்னிடம் கேட்கப் போகிறார் என்று உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது.

"பிள்ளை நிக்கிறாவோ, அண்ணை?" என்றார்.

"நிக்கிறா," என்று சொல்லி ரிசீவரை அவளிடம் நீட்டினேன்.